மூலவர் உள்ளே, உற்சவர் வீதியில்: புளோரன்ஸில் ஒரு குழு நடை

புளோரன்ஸுக்கு பஸ்ஸில் வரும் சுற்றுலாக் குழுக்கள் பலவும் ஊருக்குள் நுழைவதற்கு முன் ஒரு மேட்டில் நிற்கும். பியாத்சாலே மைக்கலாஞ்சலோ என்று அதற்குப் பெயர். கீழே ஆர்னோ ஆறு, வரிசையாகப் பாலங்கள், ஓட்டுக்கூரைகளுக்கு நடுவே தனியாக எழுந்து நிற்கும் பேராலயத்தின் குவிமாடம். கைப்பிடிச் சுவரோரம் போட்டோ எடுத்து முடித்துத் திரும்பினால் மைதானத்தின் நடுவில் டேவிட், பைபிளில் கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய சிறுவன், நிற்கிறான், பாசி நிறம் ஏறிய வெண்கலத்தில். குழுவில் ஒருவராவது கேட்பார்: "இதுதான் அந்த ஒரிஜினலா?"

இது இல்லை. பிறகு நடந்து போய்ச் சேரும் சிஞ்ஞோரியா சதுக்கத்திலும் ஒரு டேவிட் உண்டு, வெள்ளைப் பளிங்கில், அரண்மனை வாசலில். அதுவும் இல்லை. மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய டேவிட் வேறொரு தெருவில், அக்காதேமியா என்ற காட்சியகத்துக்குள் இருக்கிறான். அங்கே போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். பல குழுப் பயணத் திட்டங்களில் அது சேர்த்தி கிடையாது. ஆக, இரண்டு டேவிட்டைப் பார்த்துவிட்டு டேவிட்டைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம்.

கேட்கும்போது ஏமாந்துபோன மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்த ஊரில் குழுவோடு நடக்கும் இரண்டு மணி நேரத்தில் நாம் நின்று பார்க்கிற பொருள்களில் கணிசமான பங்கு, நாம் நினைக்கிற காலத்தைச் சேர்ந்தவை இல்லை. சில நகல்கள். சில 19ஆம் நூற்றாண்டில் பொருத்திய முகப்புகள். சில போருக்குப் பின் மறுபடி கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு தேதியும் இருக்கின்றன. ஊரை ஆண்ட மெடிசி குடும்பம், மறுமலர்ச்சி, மேதைகள் என்று கைடு சொல்லும் கதையில் பொய் எதுவும் இல்லை. அந்தக் கதை 1500களோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். ஊர் அதற்கப்புறமும் இடிந்தது, கட்டப்பட்டது, வெள்ளத்தில் மூழ்கியது. அந்தப் பிந்தைய தேதிகளையும் சேர்த்துக்கொண்டு நடந்தால்தான் புளோரன்ஸ் பிடிபடும் என்பது என் கட்சி.

முதலில் நடை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடலாம். நடு ஊரின் பெரும்பகுதி வாகனக் கட்டுப்பாட்டு எல்லை. பெரிய பஸ்கள் உள்ளே வர முடியாது. வெளியே இறங்கி நடக்க வேண்டும். அதுவரை பஸ்ஸில் மைக் பிடித்துப் பேசிக்கொண்டு வந்த நம் டூர் மேனேஜர் இங்கே வரிசையின் பின்னால் போய்விடுவார். இத்தாலியில் நினைவுச்சின்னங்களை விளக்கிச் சொல்வது உரிமம் பெற்ற வழிகாட்டிகளின் தொழில். கொடியோ மடக்கிய குடையோ உயர்த்திப் பிடித்தபடி உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார். ஆளுக்கொரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டி இயர்போனைக் காதில் செருகிக்கொள்ள வேண்டும். கூட்டம் தாங்காத வெனிஸ் 2024இல் குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு வைத்து, ஒலிபெருக்கிக்கும் தடை போட்டது. புளோரன்ஸும் அதே ஆண்டின் இறுதியில் வழிகாட்டிகளின் ஒலிபெருக்கிகளுக்கு எதிராக முடிவெடுத்தது. தெருக்கள் அப்படி. எதிரெதிரே இரண்டு குழுக்கள் வந்தால் ஒன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும்.

இயர்போனில் ஒரு வேடிக்கை உண்டு. குரல் காதுக்குள்ளேயே இருக்கும், ஆள் இருக்க மாட்டார். "இடது பக்கம் பாருங்கள்" என்று அவர் சொல்லும்போது அவர் அடுத்த முக்கில் நிற்பார். நாம் முந்தைய தெருவில் ஐஸ்கிரீம் கடையைப் பார்த்துக்கொண்டிருப்போம். நமக்கு இடது பக்கம் ஒரு மருந்துக்கடைதான் இருக்கும்.

ரயிலில் வருகிற குழுக்களுக்கு முதல் நிறுத்தம் சாந்தா மரியா நொவெல்லா. ரயில் நிலையத்துக்கே அந்தத் தேவாலயத்தின் பெயர்தான். வெள்ளையும் பச்சையுமாகப் பளிங்கு பதித்த அதன் முகப்பின் மேல்பாதி லியோன் பாத்திஸ்தா அல்பெர்த்தியின் வடிவமைப்பு. உச்சியில், முக்கோண முகட்டுக்குக் கீழே, முகப்பின் அகலம் முழுக்க லத்தீனில் பெரிய எழுத்துகள் ஓடுகின்றன. பைபிள் வசனம் என்றுதான் நினைக்கத் தோன்றும். பவுலின் மகன் ஜொவான்னி ருச்செல்லாய், 1470 என்பதுதான் அதன் சாரம். செலவு செய்தவரின் பெயர். நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வர இடமில்லாதபடி "உபயம்" எழுதி வைப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ருச்செல்லாய் அதைப் பளிங்கில் செய்தார். அவர் குடும்பம் பணம் பார்த்தது ஒருவகைப் பாசிச்செடியிலிருந்து எடுக்கும் ஊதாச் சாயத்தில்; குடும்பப் பெயரே அந்தச் சாயத்தின் பெயரிலிருந்து வந்தது.

சாயம் என்றால் துணி. துணி என்றால் கம்பளி. புளோரன்ஸின் பணம் அங்கே தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கம்பளியும் முரட்டுத் துணியும் வரும். இங்கே துவைத்து, சாயமேற்றி, மெருகேற்றி, பல மடங்கு விலைக்கு விற்பார்கள். அந்த லாபத்தில் வங்கிகள் வந்தன. 1252 முதல் இந்த ஊர் அடித்த தங்க ஃபுளோரின் ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியானது. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் ஊரின் காவல் புனிதரான திருமுழுக்கு யோவான். தொழில்வாரியாக 21 சங்கங்கள் இருந்தன. ஏதாவதொரு சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவருக்கு நகராட்சியில் பதவி இல்லை. தேவாலயத்தைக் கட்டும் பொறுப்பையும் கதவுக்குக் காசு கொடுக்கும் பொறுப்பையும் நகரம் இந்தச் சங்கங்களிடம்தான் ஒப்படைத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

தெரு திரும்பியதும் பேராலயம் திடீரென்று கண்ணை நிறைக்கும். வெள்ளை, பச்சை, ரோஜா நிறப் பளிங்கு. சிலைகள், மொசைக், சுருள் தூண்கள். நகைக்கடை விளம்பரத்தில் வரும் மணப்பெண் மாதிரி, ஓர் அங்குலம் காலி விடாமல் பூட்டியிருக்கிறார்கள். குழுவில் எல்லோரும் இந்த முகப்பின் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்வார்கள். மறுமலர்ச்சியின் பின்னணியில் தாங்கள் நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அந்த முகப்பு 1887இல் முடிந்தது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தைவிடச் சில ஆண்டுகள் இளையது. பேராலயத்தை ஆர்னோல்போ தி காம்பியோ 1296இல் தொடங்கினார். முகப்பு பாதி உயரம்கூட ஒழுங்காக எழும்பாமல் நின்றது. இருந்ததையும் 1587இல் மெடிசி பிரபு காலத்தில் பழம்பாணி என்று இடித்துவிட்டார்கள். புதியது கட்டப் போட்டி வைத்தார்கள், சண்டை போட்டார்கள், எதுவும் நடக்கவில்லை. சரியாக முந்நூறு ஆண்டுகள் உலகத்தின் மிகப் புகழ்பெற்ற தேவாலயங்களில் ஒன்று மொட்டைச் சுவரோடு நின்றது. 1865இல், ஒன்றுபட்ட இத்தாலியின் தலைநகர் டூரினிலிருந்து புளோரன்ஸுக்கு வந்தது. 1871இல் ரோமுக்குப் போய்விட்டது. அந்த ஆறு ஆண்டுகள் ஊரைப் புரட்டிப்போட்டன. ஜுசெப்பே போஜ்ஜி என்ற கட்டடக் கலைஞர் பழைய மதில்களை இடித்து அகலச் சாலைகள் போட்டார். நாம் முதலில் நின்ற அந்த மேட்டு மைதானம் அவர் திட்டமிட்டதுதான். தலைநகர் போன பிறகும் அந்த வேகம் அடங்கவில்லை. எமிலியோ தி ஃபாப்ரிஸ் வரைந்த முகப்பை 1876இல் கட்ட ஆரம்பித்தார்கள். அவர் முடிவைப் பார்க்காமலே இறந்துபோனார். பக்கத்து மணிக்கூண்டு ஜோத்தோ 1334இல் தொடங்கியது, 14ஆம் நூற்றாண்டின் அசல். முகப்பு அதைப் பார்த்துத்தான் வேடம் போட்டுக்கொண்டது.

முகப்பு இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? ஐந்து நிமிட நடையில் சான் லொரென்சோ இருக்கிறது, மெடிசிகளின் குடும்பத் தேவாலயம். அதற்கு முகப்பு கட்டும் வேலையை 1516இல் போப் பத்தாம் லியோ, அவரும் ஒரு மெடிசி, மைக்கலாஞ்சலோவிடம் கொடுத்தார். பளிங்கு வெட்டுவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. 1520இல் ஒப்பந்தம் ரத்தானது. இன்றைக்கும் அது கரடுமுரடான பழுப்புச் சுவர்தான், கொத்தனார் சாயங்காலம் வேலையை நிறுத்திவிட்டுப் போன மாதிரி. குழுக்கள் அங்கே நிற்பதில்லை, படம் நன்றாக வராது. எனக்கென்னவோ இந்த ஊரில் உண்மையைச் சொல்கிற சுவர் அதுதான் என்று தோன்றும்.

குவிமாடம் வேறு விஷயம். அது அசல், அதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும்.

1400களின் தொடக்கத்தில் புளோரன்ஸ்காரர்கள் தங்களைத் தாங்களே ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர்கள் எழும்பிவிட்டன. நடுவில் ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்தில் எட்டுமூலைத் திறப்பு, தரையிலிருந்து ஐம்பது மீட்டருக்கும் மேலே. அதை மூடும் வழி யாருக்கும் தெரியாது. வளைவு கட்டுகிறவர்கள் முதலில் கீழே மரச்சாரம் கட்டி, அதன் மேல் கல்லை அடுக்கி, சுண்ணாம்பு இறுகியதும் சாரத்தைப் பிரிப்பார்கள். இந்த அகலத்துக்கும் உயரத்துக்கும் அப்படியொரு சாரம் கட்ட மரமும் கிடைக்காது, கட்டினாலும் நிற்காது. பேராலயப் பணிக்குப் பொறுப்பாக இருந்த கம்பளிச் சங்கம் 1418இல் போட்டி அறிவித்தது. பொற்கொல்லராகப் பயிற்சி பெற்ற ஃபிலிப்போ புருனெலெஸ்கி, சாரமே இல்லாமல் கட்டுகிறேன் என்றார்.

அவர் செய்தது இதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். உள்ளே இருப்பது தடிமன், வெளியே இருப்பது மழைக்குக் காப்பு. இரண்டுக்கும் நடுவே விலா எலும்புகள் போலச் செங்குத்துச் சுவர்கள், சுற்றிலும் பீப்பாய்க்கு வளையம் போடுவது போலக் கல்லிலும் மரத்திலும் சங்கிலிகள். சரிவு அதிகமாக அதிகமாக ஈரச் சுண்ணாம்பில் வைத்த செங்கல் உள்பக்கமாக வழுக்கும். அதைத் தடுக்கப் படுக்கை வரிசைகளுக்கு இடையே இடைவெளி விட்டு விட்டுச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தினார். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் செங்குத்துக் கற்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மேலேறும். அன்றைக்கு வைத்த வரிசை இறுகும்வரை அவை ஆப்பு மாதிரிப் பிடித்துக்கொள்ளும். இத்தாலியர்கள் இந்த அடுக்கை மீன்முள் என்கிறார்கள். கருவாட்டைப் பிரித்துப் பார்த்த எவருக்கும் ஏன் என்று விளங்கும். 1420இல் தொடங்கி 1436இல் மூடினார்கள். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் போயிருக்கின்றன. செங்கல்லால் கட்டிய குவிமாடங்களில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. 463 படிகள் ஏறினால் இரண்டு ஓடுகளுக்கும் நடுவிலான வழியிலேயே மேலே போகலாம். மீன்முள்ளைப் பக்கத்தில் பார்க்கலாம். மூட்டுவலிக்காரர்கள் கீழே நின்றே பார்ப்பது நல்லது, நடுவழியில் திரும்ப முடியாது.

கீழே நிற்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். குவிமாடம் உட்காரும் எட்டுப் பக்கங்களில் ஒன்றில் மட்டும் வெள்ளை மாடம் ஒன்று ஓடுகிறது. மற்ற ஏழிலும் வெறும் கரட்டுச் சுவர். அந்த ஒரு பக்கம் முடிந்ததும், சுவர்க்கோழி அடைக்கிற கூண்டு மாதிரி இருக்கிறது என்று மைக்கலாஞ்சலோ கேலி செய்ததாகவும், அத்தோடு வேலை நின்றுபோனதாகவும் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், ஐந்நூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

பேராலயத்தின் எதிரே எட்டுமூலை ஞானஸ்நான மண்டபம். கவிஞர் தாந்தே ஞானஸ்நானம் பெற்ற இடம். அதன் கிழக்குக் கதவின் முன்னால் எப்போதும் ஒரு முட்டல் மோதல் இருக்கும். பத்துச் சதுரங்களில் பழைய ஏற்பாட்டுக் கதைகள், தங்கம் பூசிய வெண்கலத்தில். லொரென்சோ கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை செய்தது. சொர்க்கத்தின் வாசலுக்கே தகும் என்று மைக்கலாஞ்சலோ பாராட்டியதாக, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய கட்டடக் கலைஞர் வசாரி எழுதி வைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முந்தைய கதைதான் சுவாரசியம். 1401இல் துணி வணிகர்களின் கலிமாலா சங்கம் இந்த மண்டபத்துக்கு ஒரு வெண்கலக் கதவு செய்யப் போட்டி வைத்தது. ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் காட்சி தலைப்பு. கடைசிச் சுற்றில் ஏழு பேர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கிபெர்ட்டி வென்றார். தோற்றவர்களில் ஒருவர் புருனெலெஸ்கி. இருவரின் பலகைகளும் பார்ஜெல்லோ காட்சியகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புருனெலெஸ்கியின் பலகையில் தேவதூதன் ஆபிரகாமின் கையை எட்டிப் பிடிக்கிறான், கத்தி ஏற்கெனவே கழுத்தில். கிபெர்ட்டியுடையது பார்க்க அழகு. அதோடு பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக வார்த்ததால் வெண்கலமும் குறைவாகச் செலவானது. நடுவர்கள் வியாபாரிகள். அந்தக் கணக்கு அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்காது.

இன்று அந்த வாசலில் நாம் பார்க்கும் பளபளப்பு 1990இல் மாட்டிய நகல். அசல், பேராலயத்துக்குப் பின்னால் உள்ள காட்சியகத்தில், ஈரம் புகாத கண்ணாடிப் பேழைக்குள். 1966 வெள்ளம் இந்தக் கதவில் மோதிப் பலகைகளில் பாதியைப் பிய்த்து எறிந்தது. பலகைகள் கிடைத்துவிட்டன. ஆனால் துலக்கத் தொடங்கியபோது வேறு நோய் தெரிந்தது. தங்கப் பூச்சுக்கும் வெண்கலத்துக்கும் நடுவே உப்புகள் உருவாகி, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பொங்கி, தங்கத்தை உள்ளிருந்து கொப்புளமாகக் கிளப்பிக்கொண்டிருந்தன. இனி திறந்த வெளியில் வைக்கவே முடியாது. 2012இல்தான் அசல் மறுபடி பொதுமக்கள் கண்ணில் பட்டது. செய்ய எடுத்ததும் 27 ஆண்டு, குணப்படுத்த எடுத்ததும் ஏறக்குறைய அதே 27.

இங்கே நமக்குக் கைகொடுப்பது நம் கோயில் வழக்கம்தான். மூலவர் கருவறையில் இருப்பார், வெயிலில் மழையில் வெளியே வர மாட்டார். வீதியில் வருவது உற்சவர். உற்சவரைப் பார்த்து யாரும் நகல் என்று சொல்வதில்லை. வீதியில் இருக்க வேண்டிய வேலையை அவர் பார்க்கிறார். புளோரன்ஸ் கடந்த ஒன்றரை நூற்றாண்டாகச் செய்வது அதுதான்: மூலவர்களை ஒவ்வொருவராக உள்ளே கொண்டுபோய், வீதிக்கு உற்சவர்களை ஏற்பாடு செய்கிறது. ஒரே குறை, குழு நடையில் உற்சவ தரிசனம் மட்டும்தான்.

அப்புறம் குழு பியாத்சா தெல்லா ரிபுப்ளிக்கா வழியாகப் போகும். ராட்டினம், காபிக்கடைகள், பெரிய வளைவு. கழிப்பறைக்காகப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். யாரும் நிமிர்ந்து வளைவில் இருப்பதைப் படிக்க மாட்டார்கள். பழைய நகர மையம் பல நூற்றாண்டு அழுக்கிலிருந்து புது வாழ்வுக்கு மீட்கப்பட்டது என்று 1895இல் பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். மீட்பு என்றால் என்ன? ரோமானியர் காலத்துச் சந்தைவெளி இருந்த இடம் இது. இடைக்காலத்தில் ஊரின் பழைய சந்தை, அதையொட்டி 1571இல் மெடிசி ஆட்சியாளர் முதலாம் கோசிமோ யூதர்களை அடைத்த சேரி, கோபுர வீடுகள், சிறு தேவாலயங்கள், சங்க அலுவலகங்கள். எல்லாவற்றையும் 1880களிலும் 1890களிலும் தரைமட்டமாக்கிவிட்டு இந்தச் சதுக்கத்தைப் போட்டார்கள். சுகாதாரம் ஒரு காரணம், பொய்யில்லை. நெரிசலும் நோயும் இருந்தன. பாரிஸ் மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம். புளோரன்ஸின் இடைக்காலத்தைத் தேடி வருகிறவர்கள், அது இருந்த இடத்திலேயே நின்று காபி குடித்துவிட்டு, அதைத் தேடிக்கொண்டு மேலே நடக்கிறார்கள்.

பக்கத்தில் தாந்தேயின் வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர் குடும்பம் வாழ்ந்த பகுதியில், இப்படி இருந்திருக்கும் என்று கட்டியது. உயிரோடு இருந்தபோது 1302இல் நாடுகடத்திய ஊர், 600 ஆண்டு கழித்து வீடு கட்டிக் கொடுத்தது. அவர் இறந்ததும் புதைத்ததும் ராவென்னாவில். சாந்தா க்ரோச்சே தேவாலயத்தில் அவர் பெயரில் இருக்கும் பெரிய கல்லறை காலி.

ஒர்சான்மிக்கேலேயில் குழுக்கள் நிற்பதே அபூர்வம். நின்றால் நல்லது. தேவாலயம் மாதிரியும் இல்லாமல் கிடங்கு மாதிரியும் இல்லாமல் சதுரமாக நிற்கும் கட்டடம். ஏனென்றால் அது இரண்டும்தான். 1337இல் தானியச் சந்தையாக எழுப்பத் தொடங்கியது. கீழே சந்தை தேவாலயமாக மாறியது, மேலே பஞ்ச காலத்துக்கான தானியக் களஞ்சியம். உள்ளே தூணில் தானியம் இறங்கிய துவாரம் இப்போதும் தெரியும். வெளிச்சுவரில் 14 மாடங்கள், ஒவ்வொன்றும் ஒரு சங்கத்துக்கு. அவரவர் காவல் புனிதரின் சிலையை அவரவர் வைக்க வேண்டும். பக்கத்து மாடத்துக்காரன் என்ன வைக்கிறான் என்று பார்த்துப் பார்த்து வைத்தார்கள். துணி வணிகர்கள் கிபெர்ட்டியை வைத்து வெண்கலத்தில் யோவானை வார்த்தார்கள். வெண்கலம் பளிங்கைவிடப் பல மடங்கு செலவு. கவசம் செய்கிறவர்கள் சங்கத்துக்கு அவ்வளவு வசதி இல்லை. அவர்கள் தொனாத்தெல்லோவிடம் பளிங்கில் ஜார்ஜ் கேட்டார்கள். எந்தச் சிலையின் முன்னால் இன்று ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்தால், கவசக்காரர்கள்தான் ஜெயித்தார்கள். நிற்பது இங்கே தெருவில் இல்லை, பார்ஜெல்லோவில். மாடங்களில் இப்போது இருப்பவை நகல்கள். மற்ற அசல்கள் இதே கட்டடத்தின் மாடியில்.

சிஞ்ஞோரியா சதுக்கம். டேவிட்டின் நகல் நிற்கும் இடம்தான் அவன் முதலில் நின்ற இடம். பேராலயத்தின் உச்சியில் ஏற்றத்தான் அந்தச் சிலையைச் செய்யச் சொன்னார்கள். செய்து முடித்ததும் 5.17 மீட்டர் உயரத்தை அங்கே தூக்கி வைப்பது நடக்காது என்றும், வைத்தால் வீண் என்றும் எல்லோருக்கும் தெரிந்தது. 1504 ஜனவரியில் ஏறத்தாழ முப்பது பேர் கூடி எங்கே வைப்பதென்று பேசினார்கள். லியனார்டோ தா வின்சியும் போத்திச்செல்லியும் அதில் இருந்தார்கள். கடைசியில் அரசு மாளிகை வாசல் என்று முடிவானது. மெடிசிகளைத் துரத்திவிட்டுக் குடியரசாக இருந்த ஊர் அப்போது. கவண்கல்லோடு நிற்கும் சிறுவன் யாரை எச்சரிக்கிறான் என்று எல்லோருக்கும் புரிந்தது. 1527 கலவரத்தில் மாளிகையிலிருந்து எறிந்த பெஞ்சு பட்டு இடது கை உடைந்தது. 1843இல் சுத்தம் செய்கிறோம் என்று அமிலம் போட்டுத் தேய்த்தார்கள். வெயில், மழை, பனி போதாதென்று இதுவும். 1873இல் தண்டவாளத்தில் ஓடும் மரக்கூண்டில் வைத்து அக்காதேமியாவுக்கு நகர்த்தினார்கள். 1910இல் நகல் வந்தது.

அதே சதுக்கத்தின் ஓரத்தில், வளைவு மண்டபத்தின் கீழே, வெட்டிய மெதூசா தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பெர்சியுஸ் அசல். பென்வெனுத்தோ செல்லினி 1545 முதல் 1554 வரை செய்தது. கூரை இருப்பதால் தப்பித்தது. டேவிட் நகலைப் படம் எடுக்க நூறு பேர் முட்டிக்கொள்ளும்போது இந்தப் பக்கம் வந்தால் காற்றாட நிற்கலாம். சதுக்கத்தின் தரையில் ஒரு வட்டக் கல்லும் இருக்கிறது. ஆடம்பரப் பொருள்களை 1497இல் இங்கே குவித்து எரிக்க வைத்த துறவி சவோனரோலாவை, மறு ஆண்டு மே மாதம் அதே சதுக்கத்தில் தூக்கிலிட்டு எரித்த இடம். கைடு கொடியை உயர்த்தி ஆட்களை எண்ணுவது பெரும்பாலும் அந்தக் கல்லின் மேல் நின்றுதான்.

இங்கிருந்து உஃபீத்சி வழியாக ஆற்றுக்கு. உஃபீத்சி என்றால் அலுவலகங்கள். 1560இல் கோசிமோவின் அரசு அலுவலகங்களுக்காக வசாரி தொடங்கியது. குழு அதன் நீண்ட முற்றத்தில் நடக்கும், உள்ளே போகாது. உள்ளே இருப்பதெல்லாம் ஊரிலேயே தங்கியதற்கு ஒரு பெண் காரணம். மெடிசி வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லுயிசா 1737இல் போட்ட ஒப்பந்தம்: குடும்பத்தின் கலைச்செல்வம் எதுவும் புளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. புதிதாக வந்த ஆட்சியாளர்கள் அதை மதித்தார்கள்.

ஆற்றோரம் வந்தால் தலைக்கு மேல் ஒரு நீளமான நடைபாதை ஓடுவது தெரியும். 1565இல் ஐந்தே மாதத்தில் வசாரி கட்டியது. ஆட்சியாளர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குத் தெருவில் கால் வைக்காமல், யார் கண்ணிலும் படாமல் போய்வர வழி. போன்தே வெக்கியோ பாலத்தின் கடைகளுக்கு மேலே ஏறி அக்கரைக்குப் போகிறது. பால முனையில் இருந்த கோபுரத்தை மன்னெல்லி குடும்பம் இடிக்க விடவில்லை. ஆட்சியாளரின் பாதை அதைச் சுற்றி வளைந்து போவதை இன்றும் பார்க்கலாம். பல ஆண்டுகள் மூடியிருந்த இந்தப் பாதை 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது.

பாலம் 1345இல் கட்டியது. அதற்கு முன்பிருந்ததை 1333 வெள்ளம் கொண்டுபோனது. முன்பு அதன் மேல் கசாப்புக் கடைகளும் இருந்தன, கழிவை நேராக ஆற்றில் தள்ளிவிட வசதி. மேலே பிரபு நடக்கிற பாதை, கீழே அந்த நாற்றம். 1593இல் மெடிசி பிரபு ஃபெர்தினாந்தோ கசாப்புக்காரர்களைக் கிளப்பிவிட்டுப் பொற்கொல்லர்களைக் கொண்டுவந்தார். இன்றும் நகைக்கடைகள்தான். நம் குழுவில் பாதிப் பேர் இங்கே கிராம் விலை விசாரிப்பதைத் தவிர்க்க முடியாது. 18 கேரட் என்று கேட்டதும் கடையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

பாலம் அசல். பாலத்துக்கு வரும் வழி அசல் இல்லை. போர் சாந்தா மரியா என்ற அந்தத் தெருவில் நிமிர்ந்து பார்த்தால் தட்டையான, நேர்கோட்டு ஜன்னல்கள் கொண்ட 1950களின் கட்டடங்கள். 1944 ஆகஸ்ட் 3 இரவு தொடங்கி 4 விடியற்காலைக்குள், பின்வாங்கிய ஜெர்மன் படை ஆர்னோவின் பாலங்களை ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்த்தது. இது ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. ஆனால் எதிரிப் படை அதில் ஏறக் கூடாதே. அதனால் இரு முனைகளிலும் இருந்த இடைக்கால வீடுகளையும் கோபுரங்களையும் வெடிவைத்துச் சரித்து, கல் குவியலால் வழியை அடைத்தது. பாலத்தைக் காப்பாற்றப் பேசிய ஜெர்மன் துணைத் தூதர் கெர்ஹார்ட் வோல்ஃபுக்குப் பாலத்தின் மேல் ஒரு கல்வெட்டு இருக்கிறது. போன வீடுகளைக் குழுக்கள் கேட்பதில்லை.

பாலத்தின் நடுவில் நின்று ஆறு ஓடும் திசையில் பார்த்தால் அடுத்த பாலம் சாந்தா த்ரினிதா. 1560களில் அம்மன்னாத்தி வடிவமைத்தது. அதுவும் அந்த இரவில் போனது. அதே கல்லில், அதே வளைவில்தான் மறுபடி கட்ட வேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடித்தது. ஆற்றுக்குள் விழுந்த கற்களை எடுத்தார்கள், பழைய குவாரியைத் திறந்தார்கள், 1958இல் முடித்தார்கள். முனையில் நிற்கும் நான்கு பருவகாலச் சிலைகளில் வசந்தத்துக்கு மட்டும் தலை கிடைக்கவில்லை. 1961இல் ஆற்று மணல் அள்ளும்போது வந்தது. இந்தப் பாலத்தை அசல் என்பதா, நகல் என்பதா? அந்த வசந்தத்தின் கழுத்தில் ஒட்டுக்கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வியே அபத்தமாகப் படுகிறது.

கடைசி நிறுத்தம் சாந்தா க்ரோச்சே. மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி எல்லோரும் அடங்கிய இடம். முகப்பு, கேட்கவே வேண்டாம், 1863. போகும் வழியில் நேரி தெரு என்றொரு சந்து. மதிய நேரத்தில் சாண்ட்விச் வாங்க அங்கே நீண்ட வரிசை நிற்கும், குழு அதைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அந்தத் தெரு சான் ரெமிஜியோ தெருவோடு சேரும் முக்கில், சுவரில், தலைக்கு மிக உயரே இரண்டு கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒன்று 1333 வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு. அதற்கும் மேலே இருப்பது 1966க்கு. 1966இல் வெள்ளம் வந்தது ஒரு விடுமுறை நாளில். அதிகாலையில் ஊருக்குள் புகுந்த தண்ணீர், வீடுகளைச் சூடாக்கக் குளிர்காலத்துக்கென்று நிரப்பி வைத்திருந்த எண்ணெய்த் தொட்டிகளை உடைத்துக் கறுப்பாக ஏறியது. சாந்தா க்ரோச்சேயில் சிமாபுவே வரைந்த சிலுவையின் வண்ணத்தில் பாதிக்கும் மேல் உரிந்து போனது. தேசிய நூலகத்தின் அடித்தளம் சேற்றில் புதைந்தது. எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று புத்தகங்களைக் கை மாற்றிக் கை மாற்றி வெளியே எடுத்தார்கள். சேற்றுத் தேவதைகள் என்று ஊர் அவர்களை இன்றும் அழைக்கிறது. காட்சியகப் பேழைகளும் வாசலில் மாட்டிய நகலும் அந்த விடியற்காலைக்குப் பின் வந்தவை.

இரண்டு கற்களிலும் ஒரே தேதி: நவம்பர் 4. பழைய கல்லில், அலைக்கோடுகளுக்கு மேல் ஒரு கை விரலை நீட்டித் தண்ணீர் வந்த மட்டத்தைக் காட்டுகிறது. கீழே சாண்ட்விச் வரிசை ஓர் அடி நகர்கிறது. காதுக்குள் குரல் கேட்கிறது, வலது பக்கம் திரும்புங்கள் என்று. கொடி ஏற்கெனவே அடுத்த முக்கில்.